கறுத்துப்போன சீட்டும் மூன்றாவது கார்டும்

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆறு மாதம்கூட ஆகவில்லை. போன வாரம் எங்கள் பேங்கின் தேனிக் கிளையிலிருந்து ஒருவர் போன் செய்தார். என் பழைய நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவர்.

"சார், கம்பத்துல ஒரு ஏலக்காய் கடை. ரெண்டு கார்டு வாங்குறாக, மூணாவதை நீட்டுனா முடியாதுன்றாக. சின்னமனூர்ல நாலு கடை, போடியில மூணு கடை, எல்லாம் இதே கதைதான். வரி ஏமாத்துறதுக்கா சார் இப்படிப் பண்றாக?"

எனக்குச் சுர்ரென்று வந்தது. வரி ஏமாற்ற நினைக்கிறவன் எந்தக் கார்டையும் வாங்க மாட்டான். இரண்டை வாங்கிக்கொண்டு ஒன்றை மட்டும் மறுக்கிறவருக்கு வேறு காரணம் இருக்கும். இதை யோசிக்க ஒரு நிமிடம் போதும். அவரைத் திட்டிவிட்டுப் போனை வைத்தேன். பிறகுதான் தோன்றியது, அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? அந்தக் கடைகள் மறுப்பதற்கான காரணம் எந்த ஃபைலிலும் இருக்காது. எனக்குத்தான் தெரியும். ஏனென்றால் அந்தக் காரணத்தில் பாதி நான்.

கார்டு கம்பெனிகளின் பெயரை எழுத மாட்டேன். எங்கும் செல்லுகிற கார்டு இரண்டு உண்டு. மூன்றாவது ஒன்று இருந்தது, வெளிநாட்டுக்காரர்களும் பெரிய கம்பெனி அதிகாரிகளும் வைத்திருப்பது. அதை மூன்றாவது கார்டு என்றே சொல்கிறேன்.

தொண்ணூற்றாறில் என்னைக் கார்டு வேலைக்குப் போட்டார்கள். அதற்கு முன் இருபது வருடம் கவுன்டரில் இருந்தவன். மதுரையில் மூன்று நாள் பயிற்சி. முதல் நாள் வரவேற்பு, இரண்டாம் நாள் பிரியாணி, மூன்றாம் நாள் சர்டிபிகேட். அவ்வளவுதான். ஆண்டிபட்டி தொடங்கிக் கூடலூர் வரைக்கும் கடை கடையாகப் போய் மிஷின் வைக்க வேண்டியது என் பொறுப்பு.

அப்போது இருந்தது தேய்க்கிற மிஷின். இரும்புத் தட்டில் கார்டை வைத்து, மேலே கார்பன் வைத்த மூன்று சீட்டை விரித்து, கைப்பிடியை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் இழுக்க வேண்டும். கார்டில் புடைத்திருக்கும் நம்பர் சீட்டில் விழும். சரியாக விழாவிட்டால் சீட்டைக் கிழித்துவிட்டு மறுபடி இழுக்க வேண்டும். அதற்கு முன்னால் ரத்தான கார்டுகளின் புத்தகத்தைப் பார்க்க வேண்டும். பொடி எழுத்தில் நம்பர் நம்பராக இருக்கும், கடைக்காரர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு விரலை வைத்துத் தேடுவார். தொகை பெரிதாக இருந்தால் மதுரைக்கு எஸ்.டி.டி. போட்டு அனுமதி நம்பர் வாங்கிச் சீட்டில் எழுத வேண்டும். லைன் கிடைக்காது. கிடைத்தால் எடுக்க ஆள் இருக்காது. அதற்குள் கார்டைக் கொடுத்தவர் பக்கத்துக் கடையில் ரொக்கத்துக்கு வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

பின்னாளில் மூன்றாவது கார்டைக் கொண்டுபோனபோது தேனியில் ஒரு மளிகைக் கடைக்காரர் என்னை உட்கார வைத்து மோர் கொடுத்துவிட்டுச் சொன்னார். "சார், மல்லிப்பொடியில எனக்கு நூத்துக்கு மூணு ரூவா நிக்கும். இந்தக் கார்டுக்கு நீங்க நாலு ரூவா புடிக்கிறீக. மிச்ச ஒரு ரூவாய எங்க ஆத்தாவா வந்து குடுக்கும்?"

பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னேன். "யாவாரம் பெருகும்ல?"

"யாவாரம் பெருகுனா நட்டமும் பெருகும்ல?" என்றார். மோரைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். கடைகள் கார்டை மறுப்பதற்கு முதல் காரணம் இதுதான், இதில் ரகசியம் ஒன்றுமில்லை. மற்ற இரண்டு கார்டுக்கும் நூற்றுக்கு இரண்டு ரூபாய் பிடித்தோம். மூன்றாவதுக்கு நாலு. அந்தப் பணமும் உடனே வராது, பத்து நாள் கழித்து வரும். பத்து நாள் சரக்கை எதை வைத்து எடுப்பது? இதை எந்த மேலதிகாரியும் கடைக்காரரின் இடத்தில் நின்று யோசித்ததில்லை.

என் மேலதிகாரி மதுரையில் இருந்தார். பரமசிவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கெட்ட மனிதர் இல்லை. குரல் உயர்த்தியதே கிடையாது. உள்ளே போனால் கைக்கடிகாரத்தைக் கழற்றி, முகப்பு நம்மைப் பார்க்கிற மாதிரி மேஜையில் வைப்பார். பேசி முடிக்கும்வரை அதைத்தான் நாம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எதைச் சொன்னாலும், "எழுத்துல இருக்கா?" என்பார். இல்லை என்றால் கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொள்வார். போகலாம் என்று அர்த்தம்.

அவரிடம் இன்னொரு பழக்கம். நான் அனுப்பும் கடை விண்ணப்பத்தில் ஒரு கட்டத்துக்கும் இன்னொரு கட்டத்துக்கும் எழுத்து மாறினால் சிவப்புப் பென்சிலில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். கணக்கு ஒருவர் பெயரில் இருக்கும், கடை சாமி பெயரில் இருக்கும். நம் ஊரில் எந்தக் கடை முதலாளி பெயரில் இருக்கிறது? விண்ணப்பத்தில் 'கணக்கு வைத்திருப்பவர்' என்று ஒரு கட்டம், 'கடையின் பெயர்' என்று ஒரு கட்டம். இரண்டும் வேறு வேறாக இருந்ததால் ஏழு விண்ணப்பங்கள் திரும்பி வந்தன. எட்டாவதிலிருந்து இரண்டு கட்டத்திலும் கணக்கு வைத்திருப்பவர் பெயரையே எழுதி அனுப்பினேன். ஒன்றும் திரும்பவில்லை. பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். பத்து வருடம் அப்படியே எழுதினேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு கார்டை இழுக்கிற மிஷின் வந்தது. டெலிபோன் ஒயரில் மாட்டுவது. அப்போதுதான் கம்பத்தில் பாண்டியம்மாள் கடைக்கு வைத்தேன்.

பாண்டியம்மாள் காமயகவுண்டன்பட்டிக்காரர். அவர் வீட்டுக்காரர் ஊரில் திராட்சைத் தோட்டம் பார்த்துக்கொண்டார். கம்பத்தில் குமுளி ரோட்டில் கார்மேகம் ஏலக்காய் ஸ்டோர் என்று கடை வைத்து நடத்தியது பாண்டியம்மாள்தான். அந்தக் கடை ஒரே ஒரு மனிதரை நம்பி நின்றது. மேகமலையில் சின்ன ஏலத்தோட்டம் வைத்திருந்த வீராச்சாமி. பதினைந்து நாளைக்கு ஒருமுறை அவருடைய ஜீப்பில் மூட்டை இறங்கும், பாண்டியம்மாள் பத்து நாள் தள்ளித் தேதி போட்டு ஒரு செக் கொடுப்பார். ரசீது, பத்திரம் எதுவும் கிடையாது. நல்ல பச்சைக் காயை முதலில் பாண்டியம்மாளுக்குக் காட்டிவிட்டுத்தான் மற்ற வியாபாரிகளுக்குக் காட்டுவார். தேக்கடிக்குப் போகிற கார்கள் அந்தக் கடை முன்னால் நிற்பதற்குக் காரணம் அந்தக் காய்தான். அந்தச் செக் ஒருமுறைகூடத் திரும்பியதில்லை.

மிஷின் வைத்த அன்று சோதனைக்கு ஒரு சீட்டு எடுத்துக் காட்டினேன். தலைப்பில் இங்கிலீஷில் ஆர். பாண்டியம்மாள், கம்பம் என்று விழுந்தது. அந்த அம்மா அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"அண்ணே, எம் பேரா? கடைப் பேரு போடலையா?"

"இப்படித்தாம்மா போடணும்" என்றேன்.

"போட்டா போடட்டும். எங்க வீட்டுக்காரருகிட்டக் காட்டணும். அவரு பேரு ரேஷன் கார்டுல மட்டுந்தான் இருக்கு."

இரண்டாயிரத்து ஆறில் மூன்றாவது கார்டுக்கு டார்கெட் வந்தது. அந்தக் கம்பெனியோடு எங்கள் பேங்க் ஒப்பந்தம் போட்டிருந்தது. மார்ச்சுக்குள் இருபது கடை சேர்க்க வேண்டும். பழைய மிஷினையும் எடுத்துவிட்டுப் புதுசு கொடுத்தார்கள். அதில் ரிப்பன் கிடையாது, கார்பன் கிடையாது. வழவழப்பான தாளில் சூட்டிலேயே எழுத்து விழும். பாண்டியம்மாளிடம் போனேன்.

"ரெண்டு கார்டு போதும்ணே. மூணாவது எதுக்கு? நாலு ரூவா வேற."

"தேக்கடிக்கு வர்ற வெள்ளைக்காரங்க எல்லாம் இதைத்தாம்மா வச்சிருக்காங்க."

"வெள்ளைக்காரன் நூறு கிராம் மிளகு வாங்கிட்டு அதைப் போட்டோ புடிச்சுட்டுப் போயிருவான். அவனுக்கு எதுக்குண்ணே கார்டு?"

பத்தொன்பது கடை ஆகியிருந்தது. இன்னொன்று வேண்டும். அரை மணி நேரம் பேசினேன். கடைசியில், "நீங்க சொல்றீகன்னுதாண்ணே" என்று கையெழுத்துப் போட்டார். கண்ணாடியில் ஸ்டிக்கரை நானே ஒட்டினேன். பன்னிரண்டு பக்க ஒப்பந்தத்தை அவரும் படிக்கவில்லை, நானும் படிக்கவில்லை. படித்திருந்தால் எட்டாவது பக்கத்தில் ஒரு வரி இருந்திருக்கும். கார்டுக்காரர் 'நான் வாங்கவில்லை' என்று சொன்னால், கையெழுத்துள்ள அசல் சீட்டைக் கடைக்காரர் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பணத்தைக் கடையின் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். மற்ற இரண்டு கார்டில் தகராறு வந்தால் ஆர்டர் நோட்டு, டெலிவரி விவரம் என்று எதையாவது காட்டி வாதாட இடமிருந்தது. இதில் இல்லை.

அடுத்த வருடம் கொச்சியிலிருந்து தாமஸ் என்று ஒருவர் வந்தார். ஒரு வெளிநாட்டுக் கம்பெனியில் அதிகாரி. ஏலக்காய், மிளகு, கிராம்பு, ஜாதிக்காய் போட்ட பரிசுப் பெட்டி நூற்று இருபது வேண்டும் என்று ஆர்டர் கொடுத்தார். ஒரு பெட்டி அறுநூறு ரூபாய். பாண்டியம்மாள் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பெட்டி கட்டினார்கள். ஒரு வாரம் கழித்து வந்து, பெட்டிகளை எண்ணி வேனில் ஏற்றிக்கொண்டு, கம்பெனி கொடுத்த மூன்றாவது கார்டை நீட்டினார். எழுபத்திரண்டாயிரம். பணம் கணக்குக்கு வந்த அன்று பாண்டியம்மாள் எனக்குப் போன் செய்தார்.

"அண்ணே, ஒரே இழுப்புல எழுபத்திரண்டாயிரம்! நீங்க ஒட்டுன ஸ்டிக்கர் நல்ல ஸ்டிக்கருதாண்ணே."

"சந்தோசம்மா. அந்தச் சீட்டை மட்டும் பத்திரமா வையுங்க. ஒண்ணரை வருசம் கழிச்சுக் கேட்டாலும் எடுத்துக் காட்டணும்."

"நான் பாத்துக்கிறேண்ணே."

பத்திரமா வையுங்க என்றுதான் சொன்னேன். எப்படி என்று சொல்லவில்லை. எனக்கே தெரியாது.

ஐந்து மாதம் கழித்து மும்பையிலிருந்து கடிதம். கார்டுக்காரர் இந்தத் தொகையை ஒப்புக்கொள்ளவில்லை, பதினைந்து நாளைக்குள் அசல் சீட்டு வேண்டும் என்று இருந்தது. அது மதுரையில் ஒரு வாரம் தூங்கி, சாதாரணத் தபாலில் தேனிக்கு வந்தபோது மூன்று நாள்தான் மிச்சம். தாமஸ் நம்பருக்கு அடித்தேன், உபயோகத்தில் இல்லை என்றது. கொச்சியில் எந்தக் கம்பெனி என்பதும் பாண்டியம்மாளுக்குத் தெரியவில்லை. ஏமாற்றிவிட்டான் என்று நினைத்தேன். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டே பஸ்ஸில் கம்பம் போனேன்.

பாண்டியம்மாள் பதறவே இல்லை. "எதுக்குண்ணே வேர்த்து விறுவிறுத்து வாறீக? சீட்டுதான கேக்குறாக, பத்திரமா வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பீரோவைத் திறந்தார். தோட்டத்துப் பட்டா, மகனின் மார்க் ஷீட், ரேஷன் கார்டு எல்லாம் லேமினேஷன் போட்டு ஒரு பைக்குள் இருந்தன. எங்கள் பக்கத்தில் அது வழக்கம். முக்கியமான காகிதம் என்றால் லேமினேஷன் போட்டுவிட வேண்டும். எலி கடிக்காது, தண்ணீர் பட்டாலும் கெடாது. அந்தப் பையிலிருந்து ஒன்றை உருவிக் கையில் கொடுத்தார்.

கெட்டியான பிளாஸ்டிக். உள்ளே கன்னங்கரேல் என்று ஒரு தாள். ஒரு எழுத்து கிடையாது.

"என்னம்மா இது?"

"சீட்டுண்ணே. லேமினேஷன் மிஷின்ல விட்டு வெளிய வரையிலயே கறுப்பாத்தான் வந்துச்சு. கடைக்காரரு, ஆறுனா வெளுத்துரும்னாரு. ஆறி அஞ்சு மாசம் ஆச்சு, வெளுக்கல. சரி, உங்க பேங்க் மிஷின்ல வச்சா எழுத்துத் தெரியும்னு விட்டுட்டேன்."

"எதுக்கும்மா லேமினேஷன் போட்டீங்க?"

"நீங்கதாண்ணே பத்திரமா வைக்கச் சொன்னீக!"

சூட்டில் எழுத்து விழுகிற தாள், இன்னும் கொஞ்சம் சூடு பட்டால் முழுதும் கறுத்துவிடும். இது எனக்குத் தோன்றவில்லை, மிஷின் கொடுத்தவர்கள் சொல்லவில்லை, அதனோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்திலும் பார்த்தேன், இல்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பால்பாயின்ட் பேனாவால் போட்ட தாமஸின் கையெழுத்து மட்டும் பளபளவென்று தெரிந்தது. கையெழுத்து இருக்கிறது, தொகையும் கார்டு நம்பரும் இல்லை. பாண்டியம்மாளின் முகம் அப்போதுதான் மாறியது.

"அண்ணே, வெள்ளிக்கிழமை வீராச்சாமி அண்ணன் செக்கு வருது. அம்பத்தஞ்சாயிரம். கணக்குல இருக்கிறதே எம்பதாயிரந்தான். அதுல கைய வச்சிராதீக."

மறுநாள் காலை மதுரையில் இருந்தேன். பரமசிவன் சார் கடிகாரத்தைக் கழற்றி என் பக்கம் வைத்தார். சீட்டை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார்.

"இது என்ன?"

"சீட்டு சார். சாய்ச்சுப் பாருங்க, கையெழுத்துத் தெரியும்."

சாய்த்துப் பார்த்தார். தெரிந்தது. "ஃபேக்ஸ் அனுப்புங்க" என்றார்.

"ஃபேக்ஸ்ல கறுப்பாத்தான் சார் போகும்."

"அனுப்பணும்னு எழுத்துல இருக்கு."

அனுப்பினேன். ஃபேக்ஸ் மிஷின் கொர்ரென்று இழுத்தது. மும்பையில் ஒரு கறுப்புத் தாள் போய் விழுந்திருக்கும். ஒரு மணி நேரத்தில் பதில் வந்துவிட்டது, படிக்க முடியவில்லை, பணத்தை எடுத்துக்கொள்கிறோம் என்று. ஐந்து மாதம் கழித்துக் கேட்கத் தெரிந்தவர்களுக்கு எடுக்க மட்டும் ஒரு மணி நேரம் போதும்.

"சார், வெள்ளிக்கிழமை ஒரு செக் வருது. திங்கட்கிழமை வரைக்கும் எடுக்காம நிறுத்துங்க சார், அதுக்குள்ள அந்தம்மா நகையை வச்சாவது பணத்தைக் கட்டிருவாங்க. தப்பு நம்ம பக்கமும் இருக்கு. தாளைச் சூட்டுல காட்டக் கூடாதுன்னு நாம சொல்லலை."

"சொல்லணும்னு எழுத்துல இருக்கா?"

"இல்லை சார்."

கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார். அந்த அறையில் என் சர்வீஸில் முதல் முறையாகக் கத்தினேன். ஒரு கடைக்காரம்மாவின் நாணயம் போகிறது, உங்களுக்குக் கட்டம் கட்டமாக எழுத்து வேண்டுமா என்று கேட்டேன். அவர் அடுத்த ஃபைலை இழுத்தார். வெளியே வந்து டீ குடித்தேன். கத்தியதால் ஒன்றும் நடக்கவில்லை. வியாழக்கிழமை பணம் போனது. வெள்ளிக்கிழமை செக் திரும்பியது. திரும்பியதற்குத் தண்டம் என்று இன்னொரு தொகையை எங்கள் பேங்கே அந்தக் கணக்கில் பிடித்துக்கொண்டது.

அடுத்த முறை மேகமலை ஜீப் பாண்டியம்மாள் கடையில் நிற்கவில்லை. நேராகப் போய்விட்டது. பாண்டியம்மாள் நகையை வைத்து ஐம்பத்தைந்தாயிரத்தையும் ரொக்கமாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். வீராச்சாமி வாங்கிக்கொண்டு, "இனி ரொக்கத்துக்கே பாத்துக்குவோம்த்தா" என்றாராம். அவ்வளவுதான் பேச்சு. ரொக்கத்துக்குக் கொஞ்சமாகத்தான் எடுக்க முடிந்தது. நல்ல காய் வேறு கடைக்குப் போனது. குமுளி ரோட்டில் கார்கள் அந்தக் கடை முன்னால் நிற்பது குறைந்தது. நான் அந்தப் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டேன். போனால் என்ன சொல்வது?

எட்டு மாதம் கழித்துப் பாண்டியம்மாள் போன் செய்தார். "அண்ணே, அந்தத் தாமஸ் வந்திருக்காரு. கடையிலதான் உக்காந்திருக்காரு. மறுபடியும் நூத்தி இருபது பொட்டி வேணுமாம்."

"பிடிச்சு வையுங்கம்மா, வந்துர்றேன்" என்று பைக்கை எடுத்தேன்.

தாமஸ் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். நான் சண்டைக்குத் தயாராகப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் எழுந்து நின்றுவிட்டார். "ஐயோ, எனிக்கு ஒண்ணும் அறியில்லா சார்!" என்றார். பெட்டி வாங்கிய மறுமாதமே அவரைக் கம்பெனி வெளிநாட்டுக்கு மாற்றிவிட்டதாம். பில்லைத் தலைமை அலுவலகத்துக்குத் தபாலில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார், அது போய்ச் சேர்ந்ததா தெரியாது. அங்கிருந்தபடியே தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டுப் பேசினார். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சார், கணக்குல வந்தது கடைப் பேரு இல்லா. ஆர். பாண்டியம்மாள் அப்படின்னு ஒரு லேடி பேரு. நான் ஏதோ ஒரு லேடிக்கு எழுபத்திரண்டாயிரம் கொடுத்தேன்னு ஆபீஸ்ல நினைச்சு. எனிக்கு அவர் போன் கிட்டியில்லா, அதான் இந்தப் பணம் ஒத்துக்க முடியாதுன்னு கார்டு கம்பெனிக்கு எழுதிப் போட்டாச்சு."

பாண்டியம்மாள் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஏமாற்றியது தாமஸ் இல்லை. விண்ணப்பத்தின் இரண்டாவது கட்டத்தில் கடைப் பெயர் எழுத வேண்டிய இடத்தில் பாண்டியம்மாள் என்று எழுதியது நான். மதுரையிலிருந்து திரும்பி வரக் கூடாது என்பதற்காக எழுதியது.

தாமஸ் நல்ல மனிதர். பதினைந்து நாளில் எழுபத்திரண்டாயிரத்துக்கும் டி.டி. அனுப்பிவிட்டார். புது ஆர்டருக்கு ரொக்கம் கொண்டு வந்தார். அதற்குள் நான் ஒரு வேலை செய்தேன். பழைய விண்ணப்பங்களை எல்லாம் எடுத்தேன். நாற்பதுக்கும் மேல் கடைகள். எல்லாக் கடைக்கும் முதலாளி பெயரையே எழுதி வைத்திருந்தேன். ஒவ்வொரு கடைக்கும் போய்ப் புது விண்ணப்பம் எழுதி வாங்கினேன். மூன்றாவது கார்டு வைத்திருந்த இருபது கடையிலும் எட்டாவது பக்கத்தைத் தமிழில் படித்துக் காட்டி, சீட்டைச் சூடு படாமல் வைத்திருந்து கேட்கும்போது காட்ட வேண்டும், இல்லாவிட்டால் பணம் போகும், நாலு ரூபாய் அதற்கு மேலே, வேண்டுமா வேண்டாமா என்று கேட்டேன். பதினாறு பேர் வேண்டாம் என்றார்கள். போடிக்காரர் ஒருவர், "இதை ஒட்டுறதுக்கு முன்னால படிச்சிருக்கலாம்ல?" என்றார். படித்திருக்கலாம்தான்.

பரமசிவன் சாரிடமிருந்து மெமோ வந்தது. டார்கெட் குறைந்ததற்கு விளக்கம் கேட்டிருந்தார். உள்ளதை எழுதிக் கொடுத்தேன், என் தப்பையும் சேர்த்து. ஒரு இன்கிரிமென்ட் நின்றது.

டி.டி. வந்த அன்று பாண்டியம்மாளிடம் போய் விண்ணப்ப விஷயத்தை முழுதாகச் சொன்னேன். அந்த அம்மா ஒருவருக்குக் கால் கிலோ மிளகு நிறுத்திக் கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் திரும்பினார்.

"பணம் வந்துருச்சு. எம் பேரு வந்துருச்சாண்ணே?"

"என்னம்மா செய்யணும்?"

"ஞாயித்துக்கெழமை லீவுதான உங்களுக்கு? எங்கூட மேல வாங்க. இப்ப எங்கிட்டச் சொன்னீகள்ல, அதை அப்படியே வீராச்சாமி அண்ணன்கிட்டச் சொல்லுங்க."

சின்னமனூரிலிருந்து வாடகை ஜீப். அந்த ரோட்டில் போனவர்களுக்குத் தெரியும், அதை ரோடு என்று சொல்வதே தப்பு. எலும்பெல்லாம் இடம் மாறிப் போய்ச் சேர்ந்தேன். வீராச்சாமி ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். வயதானாலும் நிமிர்ந்த உடம்பு. உட்காரச் சொல்லவில்லை. நான் நின்றபடியே கட்டம், பெயர், மும்பைக் கடிதம், கறுத்த சீட்டு எல்லாவற்றையும் சொன்னேன். இந்தம்மா கணக்கில் பணம் இருந்தது, எடுத்தது பேங்க், அதற்குக் காரணம் நான் என்றேன்.

அவர் என்னைப் பார்க்காமல் பாண்டியம்மாளைப் பார்த்துக் கேட்டார். "இவரை இன்னும் வேலைல வச்சிருக்காகளா?"

"வச்சிருக்காகண்ணே."

பிறகு என் பக்கம் திரும்பினார். "சார், ஒண்ணு கேக்குறேன். செக்கு திரும்பப் போகுதுன்னு உங்களுக்கு முந்துன நாளே தெரியும். மதுரைக்குப் போனீக, பாம்பேக்குப் பேக்ஸ் விட்டீக. கீழ சின்னமனூர்ல என் மச்சினன் கடையில போன் இருக்கு. 'வெள்ளிக்கெழமை செக்கைப் போடாதீக, திங்கக்கெழமை போடுங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் போட்டிருப்பேனா?"

போட்டிருக்க மாட்டார். செக் அவர் கையில்தான் இருந்தது. மூன்று ரூபாய்ப் போன். அந்த இரண்டு நாளில் எனக்கு அது தோன்றவே இல்லை. பேங்க்குக்குள்ளேயே ஓடி, பேங்க்குக்குள்ளேயே கத்திக்கொண்டிருந்தேன்.

"தோணலைங்க" என்றேன்.

"எனக்கும் தோணலைண்ணே" என்றார் பாண்டியம்மாள் மெதுவாக. "இவரு பாத்துக்குவாருன்னு இருந்துட்டேன்."

வீராச்சாமி தாடையைத் தடவினார். ஸ்டோருக்குள் போய் ஒரு கைப்பிடி காய் எடுத்து வந்து பாண்டியம்மாள் உள்ளங்கையில் போட்டார். பச்சென்று, ஒரே அளவாக இருந்தது. பாண்டியம்மாள் ஒன்றைக் கடித்துப் பார்த்தார்.

"மூணு மூட்டை காஞ்சு கெடக்கு. செக்கு எப்பவும் போலப் போட்டுக் குடு. ஜீப்புல எடமிருக்காத்தா?"

பாண்டியம்மாள் ஜீப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பேங்க்கார அண்ணன இங்கயே விட்டுட்டுப் போனா இருக்கும்" என்றார்.

வீராச்சாமி அப்போதுதான் சிரித்தார். மூட்டைகளை ஏற்றினார்கள். நான் அங்கே நின்றுவிடவில்லை. பின்னால் மூட்டைகளின் மேல் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.